ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க

போன ஞாயிற்றுக்கிழமை காலை பிரபுவும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். பிரபு முன்பு என்னோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர், திருநெல்வேலிக்காரர். கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ்.

ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஜெர்மனியில் நம் ஆட்கள் ஸ்வீட் பாக்ஸோடு வாசலில் வந்து நின்றால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும் — குழந்தை, வீடு, அல்லது நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பி.ஆர். பிரபுவுக்கு ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள். போதும் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு லோன் கொடுக்க எந்த வங்கியும் இன்னும் தலையாட்டவில்லை. அப்படியென்றால்...

"கார்டு வந்துடுச்சுக்கா!"

வாழ்த்துச் சொன்னேன். அவர் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். காஜு கத்லி ஒன்று எடுத்து வாயில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. பொறாமை இருந்தால் ஸ்வீட் கசக்கும் என்றெல்லாம் சொல்வது சும்மா. வயிறுதான் எரிந்தது, நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாக்ஸ் என் கணவர் சரவணனிடம் போனது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு வேணாம் பிரபு. சுகர்."

சரவணனுக்குச் சர்க்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை. பிரபு விடுவாரா? "அட, இன்னிக்கு ஒரு நாள் சுகரெல்லாம் பார்க்கக் கூடாதுண்ணா. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க" என்று பாக்ஸை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார். சரவணன் முகம் வெளுத்துவிட்டது. துணி காயப் போட்டுவிட்டு வருகிறேன் என்று பால்கனிக்குப் போய்விட்டார். அன்று எங்கள் வீட்டில் துணியே துவைக்கவில்லை.

ஒரு மனிதருக்கு ஸ்வீட் பாக்ஸைப் பார்த்து என்ன பயம்? பிரபு தம்பதி போகும்வரை இந்தக் கேள்வியைக் கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். கார் எஞ்ஜின்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் எஞ்ஜினியராக இருக்கிறேன்... இருந்தேன்... இந்த மாதக் கடைசி வரை இருக்கிறேன். எது சரியான சொல் என்று எனக்கே தெரியவில்லை. நான் வந்தது ப்ளூ கார்டில். அதாவது, படித்தவர், வேலை தெரிந்தவர், எங்களுக்குத் தேவையானவர் என்று ஜெர்மனியே வருந்தி அழைத்துக் கொடுக்கும் அட்டை. சரவணன் பெங்களூரில் ஒரு தனியார் வங்கியில் நல்ல வேலையில் இருந்தார். என் பொருட்டு அதை விட்டுவிட்டு, என் மனைவி அங்கே வேலை பார்க்கிறாள் என்ற ஒரே தகுதியில் விமானம் ஏறினார்.

முதல் வருஷம் அவருக்கு பாஷையும் இல்லை, வேலையும் இல்லை. சமையலறையில் நின்று ஸ்வீட் செய்யக் கற்றுக்கொண்டார். முதலில் செய்த மைசூர்பாகை உடைக்கச் சுத்தியல் தேட வேண்டியிருந்தது. விடாமல் செய்து செய்து, இப்போது வாயில் வைத்தால் கரைகிறது. அந்தக் கைப்பழக்கத்தில்தான் எங்கள் தெருமுனை பேக்கரியின் பின்கட்டில் அரை நாள் வேலை கிடைத்தது. பேக்கரி முதலாளி ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, முறையாகப் பயிற்சியில் சேர்ந்துகொள், கேக் மாஸ்டராகச் சான்றிதழே வாங்கலாம் என்றார். நாற்பதைத் தாண்டிய மனிதர் அன்று பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வீட்டுக்குள் ஓடி வந்தார். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பயிற்சி மூன்று வருஷம், நடுவில் நாட்டை விட்டுப் போகிற ஆளாக இருக்கக் கூடாது. பி.ஆர். கைக்கு வந்ததும் வா.

நான் பி.ஆருக்கு விண்ணப்பித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

காத்திருப்பது எப்படி இருக்கும் என்று காத்திருக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் வீட்டில் சோபா கிடையாது. வாங்க முடியாமல் இல்லை. பி.ஆர். வரட்டும், பிறகு வாங்கலாம். சுவரில் ஆணி அடிக்கவில்லை. பி.ஆர். வரட்டும். ஊருக்குப் போக டிக்கெட் போடவில்லை. போன நேரத்தில் டெர்மின் வந்து தொலைத்தால்? டெர்மின் என்றால் அலுவலகத்தில் நேரில் வரச் சொல்லிக் கொடுக்கும் நேரம். இந்த நாட்டில் கடவுளைக்கூட டெர்மின் வாங்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். மெயில் அனுப்பினால், உங்கள் மெயில் கிடைத்தது, தயவுசெய்து இன்னொரு மெயில் அனுப்பாதீர்கள், அனுப்பினால் மேலும் தாமதமாகும் என்று இயந்திரம் பதில் போடும். போன் செய்தால் பாட்டு.

இதற்கு நடுவில் எங்கள் கம்பெனியில் காற்று மாறியது. எங்கள் பாகங்கள் போவது டீசல் எஞ்ஜினுக்கு. டீசல் காரை யார் வாங்குகிறார்கள்? முதலில் காபி மெஷின் பக்கத்தில் முணுமுணுத்தார்கள். பிறகு பெரிய ஹாலில் கூட்டிவைத்து, எங்கள் பிரிவை வேறு நாட்டுக்குக் கொண்டுபோக "யோசிக்கிறோம்" என்றார்கள். இந்த ஊரில் நிர்வாகம் யோசிக்கிறது என்றால் முடிவெடுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

கணக்கு ரொம்பச் சுலபம். வேலையில் இருக்கும்போது பி.ஆர். கையெழுத்தாகிவிட்டால், அதன் பிறகு வேலை போனாலும் நாட்டில் இருக்கலாம். அடுத்ததை நிதானமாகத் தேடலாம். வேலைநீக்கக் கடிதம் முதலில் வந்துவிட்டால் பி.ஆர். அவ்வளவுதான். ப்ளூ கார்டும் சில மாதங்கள்தான் மூச்சு விடும். அதற்குள் அதே தகுதிக்கு, அதே அளவு சம்பளத்தில் இன்னொரு வேலை கிடைக்க வேண்டும். எல்லாக் கம்பெனிகளும் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில்! ஒரு பக்கம் ஹெச்.ஆர்., மறுபக்கம் வெளிநாட்டவர் அலுவலகம். இரண்டில் எது முந்துகிறது என்பதுதான் எங்கள் வாழ்க்கையாக இருந்தது.

அலுவலகம் முந்தியது. நம்பினால் நம்புங்கள்... டெர்மின் வந்தது!

மெயிலில் எழுதியிருந்தார்கள்: உங்கள் ஆவணங்கள் முழுமையாக உள்ளன, பாஸ்போர்ட்டோடு இருவரும் வரவும், விரல் ரேகை எடுக்க வேண்டும். கடைசியாகக் கேட்டிருந்த ஒரே காகிதத்தையும் நான் கொடுத்தாகிவிட்டது. இவர் எங்களிடம் வேலையில் இருக்கிறார், வேலைநீக்க அறிவிப்பு எதுவும் தரப்படவில்லை என்று கம்பெனி கையெழுத்துப் போட்டுத் தரும் படிவம் அது. அன்றைய தேதிக்கு அது சத்தியமான உண்மை.

டெர்மினுக்கு முதல் நாள் ஆபீஸ் விட்டு வந்தால் வீடு முழுக்க நெய் வாசனை. சரவணன் அடுப்பு முன்னால் வியர்த்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னது இது?"

"நாளைக்கு நல்ல நாளில்ல? வெறுங்கையோட எப்படிப் போறது உமா?"

எனக்கு அது தவறாகவே படவில்லை என்பதுதான் கொடுமை. வண்டி வாங்கினால் ஆபீஸுக்கு ஸ்வீட், பிள்ளை பாஸானால் தெருவுக்கே ஸ்வீட். நல்லது நடந்த இடத்தில் நாலு பேர் வாயை இனிப்பாக்காமல் வந்தால் நமக்குத் தூக்கம் வராது. அலுவலகத்துக்காரர்களுக்குக் கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பேக்கரிக்காரர்களுக்குக் கொடுக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் எங்களுக்கு வாய்த்த அதிகாரி திருமதி வேபர். ஐம்பது வயதிருக்கும். மேசையில் ஒரு கள்ளிச்செடி, அதற்கு யாரோ பின்னிப்போட்ட குட்டித் தொப்பி. சிரித்த முகம். அந்த அலுவலகத்தில் சிரித்த முகத்தை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

என் விரல் ஒரே தடவையில் பதிந்தது. சரவணன் விரல் பதியவில்லை. பாகு காய்ச்சிக் காய்ச்சி, பேக்கரி அடுப்பில் சுட்டுக்கொண்டு, விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகியிருந்தது. வேபர் ஈரத் துணி கொடுத்தார். பிறகு கைக்குப் போடும் தன் கிரீமைக் கொடுத்தார். எந்த அடுப்பில் இத்தனை சூடு என்று கேட்டார். சரவணன் தனக்குத் தெரிந்த ஜெர்மனில், பேக்கரி, நான் கேக், நான் படிக்க ஆசை என்று சொன்னார். எந்தப் பேக்கரி என்று அவர் கேட்க, இவர் சொல்ல, அடடா, அங்கேதான் என் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கேக் வாங்குவேன் என்றார். மூன்று பேரும் சிரித்தோம். கடைசியில் விரல் பதிந்தது. வேபர் கைதட்டினார்!

அந்த நிமிஷத்தில் நான் என் மனசுக்குள் சோபா வாங்கிவிட்டேன்.

வேபர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். சரவணன் பையைத் திறந்தார். பாக்ஸ் வெளியே வந்தது. பெரிய பாக்ஸ், மேலே ரிப்பன் வேறு.

"இது என்ன?" என்றார் வேபர்.

"ஸ்வீட். நான் செய்தது. உங்களுக்கு."

வேபர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண்ணில் இல்லை. "ரொம்ப அன்பு. ஆனால் நான் இதை வாங்கிக்கொள்ள முடியாது" என்றார்.

இங்கேதான்... இங்கேதான் நாம் நாமாக இருந்து தொலைக்கிறோம்.

நம் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்பது மறுப்பா? அது மரியாதை. நீட்டியதும் வாங்கிக்கொண்டால் பறக்காவெட்டி என்பார்கள். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்பது பழக்கம். மூன்றாவது தடவை, என் மேல் ஆணை என்று தட்டில் வைத்துவிட வேண்டும். வைக்காவிட்டால், ஒப்புக்குக் கேட்டார்கள் என்று பெயர் வரும். சரவணன் இந்த விஷயத்தில் மகா கெட்டிக்காரர். பாக்ஸை மேசையில் வைத்து, கள்ளிச்செடிக்குப் பக்கத்தில் தள்ளினார்.

"இல்லை, விதி அப்படி. வேண்டாம்" என்றார் வேபர்.

"சின்னது. ஒன்று மட்டும்" என்று மூடியையே திறந்துவிட்டார் சரவணன்.

நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். நிறுத்துங்கள் என்று அர்த்தம். ஆனால் எங்கள் வீட்டில் விருந்தாளி சாப்பிடும்போது நான் அவர் காலை மிதித்தால், என்ன மசமசவென்று உட்கார்ந்திருக்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் எடுத்து வையுங்கள் என்று அர்த்தம். இத்தனை வருஷமாக அந்த ஒரு அர்த்தத்துக்குத்தான் மிதித்திருக்கிறேன். பாவம், மனிதர் உடனே கீழ்ப்படிந்தார். ஒரு துண்டை எடுத்து, டிஷ்யூவில் வைத்து, வேபரின் கீபோர்டு ஓரத்தில் வைத்தேவிட்டார்.

வேபர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பெட்டியைப் பைக்குள் வையுங்கள்" என்றார் வேபர். குரல் கடுமையாக இல்லை. களைத்துப்போன குரல். "நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தீர்கள். எனக்குத் தெரியும். ஆனால் முடிவு எடுக்கும் முன் ஒருவர் எனக்கு ஏதாவது கொடுக்க வந்தால் நான் மேலதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் என் வேலைக்கே ஆபத்து. இன்றைக்கு இதோடு நிறுத்திக்கொள்வோம். கடிதம் வரும்."

என் உடைந்த ஜெர்மனில் எங்கள் ஊர்ப் பழக்கத்தை விளக்க ஆரம்பித்தேன். வண்டி வாங்கினால் ஸ்வீட், பிள்ளை பாஸானால் ஸ்வீட்... எனக்கே அது லஞ்சத்துக்கு வக்காலத்து மாதிரிக் கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டேன். வெளியே வந்து ரயில் நிலையம் வரை நடந்தோம். பிளாட்பாரத்தில் சரவணன் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"நீதானே மிதிச்சே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். ஒரு ஸ்வீட் பாக்ஸால் என்ன ஆகிவிடும் என்று அப்போது நினைத்தோம். கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

என்ன ஆனது என்று சொல்கிறேன். முதலில் ஒன்றுமே ஆகவில்லை. பல வாரங்கள். அதற்குள் கம்பெனி யோசித்து முடித்துவிட்டது. என் பிரிவில் எல்லோருக்கும் ஒரே நாளில் உறை கொடுத்தார்கள். மேனேஜர் கண் கலங்கித்தான் கொடுத்தார். என் வேலை பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். எல்லாம் உண்மை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அதன் பிறகு அலுவலகத்திலிருந்து கடிதம். உங்கள் கோப்பு வேறொரு அதிகாரிக்கு மாற்றப்பட்டுள்ளது. நேர்மை குறித்துச் சந்தேகம் வராமலிருக்க இது வழக்கமான நடைமுறை. உங்கள் மீது புகார் எதுவும் இல்லை. கம்பெனி தந்த படிவம் பழையதாகிவிட்டதால் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பவும்.

புதிதாக ஒன்று!

அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஹெச்.ஆருக்கு ஓடினேன். அங்கே இருப்பவர் ஒரு இளைஞர், காண்டீனில் தினமும் எனக்குக் குட்மார்னிங் சொல்பவர். படிவத்தைப் படித்தார். வேலைநீக்க அறிவிப்பு தரப்படவில்லை என்ற வரியில் பேனா நின்றது.

"நான் வேறு என்ன வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். இதை எப்படி எழுதுவேன்?" என்றார்.

"உறை வாங்குவதற்கு முந்தின தேதி போட்டு..." என்று வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் அவர் மேலிடத்தில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

கோபம் யார் மேல் வர வேண்டும், சொல்லுங்கள். வேபர் மேலா? அவர் சரியாகத்தான் செய்தார். புது அதிகாரி மேலா? பழைய காகிதத்தை வைத்து யார் முடிவெடுப்பார்கள்? ஹெச்.ஆர். இளைஞர் மேலா? பொய் எழுத மாட்டேன் என்றதற்கா? நம் ஊரில் ஒரு காரியம் கெட்டுப்போனால் திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைப்பார். வீட்டுக்கு வந்து அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு ஒரு காபி குடித்தால் பாதி பாரம் இறங்கும். இங்கே எல்லோரும் முறைப்படி நடந்துகொண்டார்கள். எங்கள் வாழ்க்கை மட்டும் கவிழ்ந்துவிட்டது.

மிச்சம் இருப்பது ஒரே ஆள், சரவணன். அவரைத் திட்டுவேனா? திட்டினேன். ஒருநாள் சாயங்காலம், குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்போது, வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் நின்று கேட்டுக்கொண்டார். அதன் பிறகு அவர் வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

எனக்குத் தெரியாமல் அலுவலகத்துக்கு அவரே ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். மொழிபெயர்ப்பு ஆப்பை வைத்துக்கொண்டு, ஒரு பக்கம். தவறு செய்தது நான், என் மனைவிக்கு இதில் சம்பந்தம் இல்லை, தண்டனை என்று ஏதாவது இருந்தால் எனக்கு மட்டும் கொடுங்கள் என்று. பதில் வந்தபோதுதான் எனக்குத் தெரியும். உங்கள் கடிதம் கிடைத்தது, அது கோப்பில் சேர்க்கப்பட்டது, நன்றி. அவர் அந்தப் பதிலை ஜெர்மன் தெரிந்த எல்லோரிடமும் காட்டி, சேர்க்கப்பட்டது என்றால் நல்ல அர்த்தமா கெட்ட அர்த்தமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் ஒருமுறை மளிகை வாங்க ஜெராட் அண்ணை கடைக்குப் போனேன். மன்னாரிலிருந்து வந்து இங்கே கடை வைத்திருப்பவர். அவருக்குக் கதை முழுக்கத் தெரியும். சரவணனே சொல்லியிருக்கிறார்.

"தங்கச்சி, அந்த நெய் நான்தான் குடுத்தனான்" என்றார் என்னைப் பார்த்ததும். "நல்ல காரியத்துக்கெண்டு சொன்னவர். நானும் போத்தில் நல்லதாப் பாத்து எடுத்துக் குடுத்தனான். எனக்கு மனசே சரியில்லை."

"நீங்க என்னண்ணே பண்ணுவீங்க" என்றேன்.

"நான் வந்த காலத்தில கொஞ்சக் கொஞ்ச நாளுக்குத்தான் விசா நீட்டித் தருவாங்கள். சூட்கேசைத் திறந்து சாமான் அடுக்க மாட்டன். கட்டிலுக்குக் கீழதான் கிடக்கும். எந்த நேரம் போ எண்டு சொல்லுவாங்களோ தெரியாது."

"இப்ப நீங்க சிட்டிசன். நிம்மதிதானே?"

"ஓம், பேப்பரில நிம்மதிதான்." பில் போட்டுக்கொண்டே சொன்னார்: "தபால்காரன் வந்தால் இப்பவும் நெஞ்சு பக்கெண்டும் பிள்ளை. அது போகேலாது."

ஆறுதல் சொல்வார் என்று போனால், மனுஷர் உண்மையைச் சொல்லிவிட்டார். ஒரு கட்டு கறிவேப்பிலையைக் காசு வாங்காமல் பையில் போட்டு அனுப்பினார்.

கடைசியில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். நிராகரிப்பு என்று ஒன்று பதிவாவதைவிட, நாமே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வது நல்லது என்றார். திரும்பப் பெற்றுக்கொண்டேன். எத்தனையோ மாதம் பிரசவத்துக்குக் காத்திருப்பது மாதிரிக் காத்திருந்த காரியம்... ஒரு கையெழுத்தில் முடிந்தது. பேக்கரி முதலாளி வருத்தப்பட்டார். பயிற்சிக்கு வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டார். நான் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன். வருகிற பதில்கள் எல்லாம் "துரதிர்ஷ்டவசமாக" என்று ஆரம்பிக்கின்றன. மெயிலைத் திறக்காமலே அந்த ஒரு வார்த்தை தெரிந்துவிடுகிறது. திறக்கவும் மனசில்லை. எனக்கு இப்போது எதிலும் நம்பிக்கை இல்லை. இதை அலங்கரித்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இந்த நாட்களில் எனக்கு உதவியது ஒரே ஒரு பொய். பொய் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. சரவணன் இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்பார்.

"உமா, நான் அந்த பாக்ஸை எடுக்காம இருந்திருந்தா கிடைச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்காதுங்க. இன்னும் நாலு பேப்பர் கேட்டு இழுத்திருப்பாங்க. இவங்களைத் தெரியாதா உங்களுக்கு? எப்படியும் கம்பெனிதான் முந்தியிருக்கும்."

இதைக் கேட்டபிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். நானும் அதை நம்பினேன். இழுத்தடிப்பதற்கென்றே பெயர் வாங்கிய இடம்தானே அது?

இந்தச் செவ்வாய்க்கிழமை ரயில் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ பக்கத்தில் வந்து வணக்கம் சொன்னார்கள். வேபர். கையில் பேக்கரி பை. ஒரு கணம் எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

"உங்கள் கோப்பு இப்போது என்னிடம் இல்லை. அதைப் பற்றி நான் பேசவும் கூடாது" என்றார்.

"தெரியும்" என்றேன்.

"உங்கள் கணவர் எப்படி இருக்கிறார்? கடையில் அவரைப் பார்க்க முடிவதே இல்லை."

"பின்கட்டில்தான் இருக்கிறார். வெளியே வருவதில்லை."

தலையசைத்தார். ரயில் வர நேரம் இருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு அந்தப் பெட்டி இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு நாள் ஆகியிருக்கும்?"

வேபர் பேக்கரி பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நாளா? எல்லாம் தயாராக இருந்தது. விரல் பதிந்ததும் ஒப்புதலை அழுத்த வேண்டியதுதான். அவர் பையைத் திறந்தபோது என் கை மவுஸில் இருந்தது. முதலில் அதை அழுத்திவிட்டு அப்புறம் திரும்பிப் பார்த்திருக்கலாம். அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இதை உங்களிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது."

அவருடைய ரயில் வந்தது. ஏறிப் போய்விட்டார். என் ரயிலும் வந்தது, போனது. நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். இந்த ஊரில் பொது இடத்தில் அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அன்றைக்கு மட்டும் அது வசதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். சரவணன் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, வழக்கம்போலக் கேட்டார்.

"கிடைச்சிருக்குமா உமா?"

"கிடைச்சிருக்காதுங்க" என்றேன். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அவர் தனக்கும் ஒரு தோசை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

யாரிடமாவது சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை, அதனால் உங்களிடம் சொல்லிவிட்டேன். பெங்களூரில் வளர்ந்தவர் என்பதால் சரவணனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நான் வாராவாரம் இந்தப் பத்தியில் என்ன எழுதுகிறேன் என்பது யாராவது வாசித்துக் காட்டினால்தான் அவருக்குத் தெரியும். அவர் அக்கா வாசித்துக் காட்டுவார். பிரபு வாசித்துக் காட்டுவார். உங்களில் சிலர் போன் போட்டே வாசித்துக் காட்டியிருக்கிறீர்கள்.

இந்த வாரம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.